நாலடி என்று சொன்ன ஓவர்சியர்

சீமையிலிருந்து வல்லிநாயகம் திரும்பி வந்த அன்றைக்கே ஓவர்சியர் இசக்கிப்பாண்டிக்கு அவரைப் பிடிக்காமல் போய்விட்டது என்று தென்காசியில் பேசிக்கொண்டார்கள். அது பாதிதான் உண்மை. அந்தக் குடும்பத்தையே இசக்கிப்பாண்டிக்குச் சிறு வயதிலிருந்து ஆகாது. அவருடைய அப்பா அந்த வீட்டு வயலை வாரத்துக்கு உழுதவர். களத்தில் நெல் அளந்து முடிகிற வரை துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பார். "போடே" என்று யாராவது சொன்னால்தான் நகருவார். அந்த நிற்பை மறக்கத்தான் இசக்கிப்பாண்டி மதராசுக்குப் போய்ப் படித்து, ஸ்கேலும் அளவுச் சங்கிலியும் பிடிக்கக் கற்றுக்கொண்டு ஓவர்சியர் ஆனார். பதினேழு வருஷமாகக் குற்றாலம் அருவிக்கரைக் கமிட்டியில் வேலை. பேரருவிக்கும் பாலத்துக்கும் இடையில் அவர் காலடி படாத பாறை கிடையாது.

1935 மாசியில் கமிட்டி கூடியது. அருவிக்கரையைச் சீர்ப்படுத்த வேண்டும், சீசனுக்கு வருகிற கூட்டம் தாங்கவில்லை என்று பேச்சு. இசக்கிப்பாண்டி மூன்று மாதம் குனிந்து ஒரு படம் போட்டிருந்தார். கோயில் மூலையிலிருந்து பாலம் வரை நேராக ஒரு கல்சுவர். இருபது அடிக்கு ஒரு படிக்கட்டு. அவ்வளவுதான். ஆனால் கோடு ஒன்றுகூடக் கோணாமல் இருந்தது.

கமிட்டித் தலைவர் கடையத்து மிராசு பால்வண்ணநாதன் அந்தப் படத்தைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு அதைச் சுருட்டி ஓரமாக வைத்து, அதன் மேலேயே காப்பி டம்ளரை வைத்தார். "நம்ம வல்லிநாயகம் சீமையில இதுக்குன்னே படிச்சிட்டு வந்திருக்கான். அவன் என்ன சொல்லுதான்னு கேப்போம்."

இருபத்தொன்பது வயசு வல்லிநாயகம் எழுந்தார். வெள்ளை கோட்டு, மெலிந்த முகம். பாரிஸ்டருக்குப் படிக்கப் போன பையன் பாதியில் வேறு படிப்புக்கு மாறிவிட்டான் என்று அவர் அப்பா இரண்டு வருஷம் கடிதமே போடவில்லை என்பது ஊருக்கே தெரியும்.

"என்ன படிச்சீரு தம்பி?" என்று கேட்டார் செங்கோட்டை மர வியாபாரி சேக் தாவூது. கமிட்டியில் அவரும் ஓர் அங்கத்தினர்.

"லாண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர்."

"அப்படின்னா?"

"ஒரு எடத்துல மண்ணு, தண்ணி, மரம், மனுஷன் நடக்குத பாதை எல்லாத்தையும் சேத்து யோசிச்சு அமைக்கிறது."

"தோட்டக்காரன் படிப்பு" என்றார் யாரோ. எல்லோரும் சிரித்தார்கள். இசக்கிப்பாண்டி எல்லோரையும்விட ஒரு நொடி அதிகமாகச் சிரித்தார்.

வல்லிநாயகத்தின் காது சிவந்தது. ஆனால் குரல் ஏறவில்லை. "அங்கேயும் இப்படித்தான் சிரிச்சாங்க. ஐரோப்பாவுல இது தனிப் படிப்பா ஆகி ரொம்ப நாள் ஆகலை. ஜெர்மனியோட நடந்த பெரிய சண்டை முடிஞ்ச மறுவருஷம் நார்வேயில ஒரு விவசாயக் கல்லூரியில ஆரம்பிச்சாங்க. பெர்லின்ல ஆறு வருஷம் முந்தி. இங்கிலாந்துல அதுக்கும் அடுத்த வருஷம். நான் சேந்தப்போ எங்களுக்குன்னு ஒரு அறைகூடக் கிடையாது. செடி வாத்தியாரு ஒரு பக்கம் இழுப்பாரு, படம் வாத்தியாரு இன்னொரு பக்கம் இழுப்பாரு. இது விவசாயமா கலையான்னு ரெண்டு பேரும் எங்க முன்னாலேயே சண்டை போடுவாங்க. கட்டட ஆர்க்கிடெக்ட்மாரு, நாங்க கட்டினதுக்கு அப்புறம் பூச்செடி வைக்க வாங்கன்னு சொன்னாங்க. எஞ்சினீயர்மாரு எங்களோட பேசவே மாட்டாங்க."

"பொறகு ஏன் படிச்சீரு?" என்றார் சேக் தாவூது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"ரோடு போடுதவன் ரோட்டைப் பாக்கான். வீடு கட்டுதவன் வீட்டைப் பாக்கான். நடுவுல கெடக்குத நெலத்தை யாரும் பாக்கலை. அதைப் பாக்க ஒரு படிப்பு வேணும்னு சொன்னாங்க. எனக்குச் சரின்னு பட்டுது."

பேச்சு முடிந்ததும் தலைவர் அவரிடம் இங்கிலீஷில், ஓவர்சியர் படம் எப்படி என்று கேட்டார். வல்லிநாயகமும் இங்கிலீஷிலேயே பதில் சொன்னார். இந்த ஓவர்சியர்களுக்கு ஸ்கேல் தெரியும், நிலம் தெரியாது என்றார்.

மூன்றடி தள்ளி நின்ற இசக்கிப்பாண்டிக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். நாலு தலைமுறையாக உழுதவன் மகனுக்கு நிலம் தெரியாதாம். நெல்லு எந்தப் பக்கம் முளைக்கும் என்று தெரியாதவன் சொல்கிறான். காப்பி டம்ளர் வைத்த இடத்தில் வட்டமாகக் கறை பிடித்திருந்த தன் படத்தை எடுத்துக்கொண்டு அவர் வெளியே வந்தார்.

வேலையைக் கமிட்டி வல்லிநாயகத்திடமே ஒப்படைத்தது. மறுநாளிலிருந்து நடை. வல்லிநாயகம் ஒரு கோடுகூட வரையாமல் நடந்துகொண்டே இருந்தார். வரையுமுன் முப்பது நாளாவது நிலத்தை நடந்து பார்க்க வேண்டும் என்று அவருடைய வாத்தியார் சொல்லியிருந்தாராம். காலையில் வெயில் எங்கே விழுகிறது, குளித்துவிட்டு வருகிறவர்கள் எந்தப் பக்கம் ஒதுங்குகிறார்கள், எந்த மருத மரத்தடியில் மண் கெட்டிப்பட்டுக் கிடக்கிறது என்று நோட்டில் குறித்தார். இசக்கிப்பாண்டி டேப்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனார். பதினேழு வருஷ சர்வீஸ் டேப் பிடிப்பதில் வந்து நின்றிருந்தது.

ஒரு விஷயத்தை வல்லிநாயகம் திரும்பத் திரும்பப் பார்த்தார். குளித்த பெண்கள் ஈரச்சேலையோடு உடம்பைக் குறுக்கிக்கொண்டு, ஆண்கள் கூட்டத்துக்கு நடுவே தங்கியிருக்கும் வீடு வரை போக வேண்டியிருந்தது. துணி மாற்ற ஒரு மறைவிடம் கிடையாது. "இத்தனை வருஷமா இதை யாரும் யோசிக்கலையா ஓவர்சியர்?" என்றார். இசக்கிப்பாண்டிக்கு அது கேள்வியாகப் படவில்லை. குற்றச்சாட்டாகத்தான் பட்டது.

அருவிக்குக் கீழே, ஆற்றோரத்தில் பாறைகள் அரைவட்டமாக நிற்கும் ஒரு பள்ளம் உண்டு. அந்த இடத்தில் வல்லிநாயகம் நின்றுவிட்டார். "இங்கனதான். மூணு பக்கமும் மறைவு. வெளிச்சமும் வருது. ஓவர்சியர், இந்த எடத்துல அதிகபட்சம் எவ்வளவு தண்ணி ஏறியிருக்கு?"

இசக்கிப்பாண்டிக்குப் பதில் தெரியும். அவர் சர்வீஸில் சேர்ந்த ஆறாவது வருஷம், ஐப்பசியில், மலையில் ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. அந்த வெள்ளம் வடிந்ததும் உளியை வாங்கிப் பின்னாலிருக்கும் பாறையில் அவரே ஒரு கோடு வெட்டினார். பதினோரு அடி. இப்போது அதன் மேல் பாசி படர்ந்திருந்தது. வல்லிநாயகத்தின் முதுகுக்குப் பின்னால், தலைக்கு வெகு மேலே அந்தக் கோடு இருந்தது.

"எவ்வளவு வேய்?"

"நாலடி" என்றார் இசக்கிப்பாண்டி.

"நிச்சயமாவா?"

"பதினேழு வருஷமா இங்கனதான் கெடக்கேன்."

வல்லிநாயகம் நோட்டில் எழுதிக்கொண்டார். அந்தப் பென்சில் அசைவதைப் பார்த்தபோது இசக்கிப்பாண்டிக்கு நெஞ்சில் ஒரு சின்னக் குளிர்ச்சி. மனுஷன் ஒரு மழைக்கு அவமானப்பட்டு ஓடட்டும். அதற்கு மேல் அவர் எதையும் நினைத்துப் பார்க்கவில்லை. நினைக்க விரும்பவில்லை என்பதே சரி.

வேலை ஆனி பிறப்பதற்குள் முடிந்தது. மரங்களை வெட்டாமல் அவற்றை வளைத்துக்கொண்டு போகிற நடைபாதை. பள்ளத்தில் ஐந்தடி உயரத்தில் கல்மேடை, சுற்றிலும் மறைப்புச் சுவர், துணி வைக்கக் கல்திட்டு. பெண்கள் மட்டும் வரலாம். காவலுக்குப் பேராச்சி என்கிற கிழவி கையில் கம்போடு உட்கார்ந்தாள்.

மேடை கட்டும்போதே மாடன் கேட்டுவிட்டான். அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துப் பிழைக்கிறவன் அவன். "அண்ணாச்சி, இங்கன தண்ணி பொங்குமே. நீங்க சொல்லலையா?"

"அவரு சீமையில படிச்சவரு. நம்ம சொன்னா கேப்பாரா? நீ ஒன் சோலியப் பாருலே."

"இல்ல, பொம்பளைக வருத எடமாச்சேன்னு..."

"ஏலே, பாருன்னு சொன்னேன்லா!"

மாடன் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஆடியில் இசக்கிப்பாண்டியின் மனைவி உலகம்மாள் தெருப்பெண்களோடு குளிக்கப் போனாள். திரும்பி வந்தபோது அவள் முகமே வேறாக இருந்தது. "இத்தனை வருஷத்துல இப்பத்தான் ஆற அமரத் தலை துவட்டினேன். கல்லுல வெயில் அடிக்கி, கதகதன்னு இருக்கு. ஒருத்தன் கண்ணும் மேல படலை. அந்த வல்லிநாயகம் புண்ணியவான். ஒங்க சுவரு வந்திருந்தா இது கிடைச்சிருக்குமா?"

இசக்கிப்பாண்டி கையில் இருந்த தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். வேறு நாளாக இருந்தால் ஏதாவது கத்தியிருப்பார். அன்றைக்குக் கை கழுவப் போனார். அந்த மேடையில் அவள் உட்கார்ந்து தலை துவட்டுவது கண்ணுக்குள் வந்தது. ஆடியில் அப்படி வெள்ளம் வராது, வருவதெல்லாம் ஐப்பசிக்கு மேல்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆவணியில் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். ஆவணியில் அந்த மேடைக்காக வல்லிநாயகத்துக்குத் திருநெல்வேலியில் மாலை போட்டார்கள். புரட்டாசியில் சொல்லிவிடலாம் என்று போனார். அன்றைக்குப் பார்த்து வல்லிநாயகம், "ஓவர்சியர், அந்தக் குடையைக் கொஞ்சம் பிடியும்" என்றார். பிடித்தார். சொல்லவில்லை.

ஐப்பசித் திருவிழாவில் ஒரு காலை. தென்காசி ஆபீசில் கணக்கெழுதிக்கொண்டிருந்த இசக்கிப்பாண்டி தலை நிமிர்ந்தபோது மேற்கே மலையைக் காணவில்லை. மை கொட்டினது மாதிரி ஒரு கறுப்பு. தென்காசியில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பேனாவை மூடக்கூட இல்லை. சைக்கிளை எடுத்து மிதித்தார்.

அருவி அப்போதும் வெள்ளையாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. ஆனால் ஆற்றில் சருகும் சுள்ளியும் மிதந்து வர ஆரம்பித்திருந்தன, காற்றில் மண்வாசம். சைக்கிளைப் போட்டுவிட்டு நேரே மறைப்புக்குள் ஓடினார். உள்ளே முப்பது, நாற்பது பெண்கள். கூச்சல் எழுந்தது. பேராச்சி கம்பால் அவர் தோளில் ஒன்று போட்டாள். ஒருத்தி ஈரச்சேலையை முறுக்கி முகத்திலேயே அடித்தாள். "வெள்ளம் வருது! வெளிய போங்க! மேல ஏறுங்க!" என்று அவர் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை.

சத்தம் கேட்டு, திருவிழாவுக்கு வந்திருந்த வல்லிநாயகம் ஓடிவந்தார். வாசலில் நின்றபடி, "என்ன வேய் இது? வெளிய வாரும்!" என்று கையைப் பிடித்து இழுத்தார்.

"தண்ணி வருது. இங்கன மூழ்கும்."

"நாலடிதானே? மேடை அஞ்சடி இருக்கு."

"நான் சொன்னது பொய்."

"என்னது?"

"பொய் சொன்னேன். பதினோரு அடி. அந்தா, அந்தப் பாறையில கோடு இருக்கு. நான் வெட்டினது."

வல்லிநாயகம் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு நொடி இசக்கிப்பாண்டியின் முகத்தை மட்டும் பார்த்தார். அப்புறம் பேராச்சியிடம் பாய்ந்து, "எல்லாரையும் கோயில் படிக்கு ஏத்து! துணி போனா போகட்டும்!" என்று கத்தினார். அவர் குரலுக்குப் பெண்கள் அசைந்தார்கள். குழந்தைகளை இடுப்பில் தூக்கினார்கள். மாடன் எங்கிருந்தோ வந்து கிழவிகளை முதுகில் சுமந்து ஏற்றினான். கடைசியாகப் பேராச்சி கால் வழுக்கி விழுந்தாள். அவளைத் தூக்கிவிடப் போன மாடனின் கையில், ஏறுகிற தண்ணீரில் தளர்ந்த மறைப்புச் சுவரின் கல் ஒன்று சரிந்து விழுந்தது. அதற்குள் அருவியின் வெள்ளை நிறம் செம்மண் நிறமாகிவிட்டது. பெரிய இரைச்சலோடு தண்ணீர் பாறையைச் சுற்றிக்கொண்டு வந்தது. சுவர் போனது, மேடை போனது, நடைபாதை துண்டு துண்டாகப் போனது. கோயில் படியில் நனைந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

சாவு இல்லை. ஆனால் மாடனின் வலது கையில் மூன்று விரல் நசுங்கி, செங்கோட்டை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். எண்ணெய் தேய்க்கிறவனுக்கு விரல் போனால் வேறென்ன மிச்சம்.

நாலு நாள் கழித்து, வடிந்த ஆற்றங்கரையில் இரண்டு பேரும் நின்றார்கள். வல்லிநாயகம் அந்தப் பாறைக் கோட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாசியை நகத்தால் சுரண்டியிருந்தார்.

"கமிட்டியில நான் சொல்லிருதேன்" என்றார் இசக்கிப்பாண்டி.

"நீ சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன." முதல் தடவையாக "நீர்" போய் "நீ" வந்திருந்தது. "நான் உன் பேரைச் சொல்லப்போறதில்லை. நல்லவன்னு நெனச்சிராத. பாறையைப் பாரு, தடத்தைப் பாருன்னுதான் எனக்கு முதல் பாடமே. நான் அண்ணாந்து பாக்கலை. ஓவர்சியர் வாயில வந்த எண்ணை எழுதிட்டுப் போனேன். அதை வெளிய சொன்னா, எவன்கிட்டயோ ஏமாந்தவன்னு பேரு வரும். அதைவிடத் தப்புப் பண்ணினவன்னே இருந்துட்டுப் போறேன்."

"அப்படியெல்லாம்..."

"எம்மேல கோவம்னா என் மூஞ்சியில துப்பியிருக்கலாம்லா. பொம்பளைகளை வச்சா பழி தீப்ப? என் முன்னால நிக்காத, போ. உன்னைப் பாக்க எனக்குக் கூசுது."

இசக்கிப்பாண்டி போனார். வீட்டில் உலகம்மாள் காத்திருந்தாள். மாடனுடைய பெஞ்சாதி வந்து, மாடன் அன்றைக்கே கேட்டதையும் இவர் அதட்டி அனுப்பியதையும் எல்லாம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குதேன்" என்றாள் உலகம்மாள். "ஆடியில நான் அங்கன குளிச்சிட்டு வந்தேன்லா. அன்னிக்கு ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"ஆடியில வெள்ளம் வராது ஏட்டி..."

"தெரியுமா, தெரியாதா?"

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவருக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள். முகம் கொடுத்துப் பேசுவது மட்டும் நின்றது.

கமிட்டி கூடியதும் இசக்கிப்பாண்டி எழுந்து நின்று உள்ளதைச் சொன்னார். எழுதிக்கொண்டும் போயிருந்தார். சேக் தாவூது நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "பொம்பளைகளும் பிள்ளைகளும் இருந்த எடம்வே! நீரெல்லாம் மனுஷனா?" என்றார்.

பால்வண்ணநாதன் அவரைக் கையமர்த்தினார். எழுதிய தாளை வாங்கிப் படித்தார். நாலாக மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இதை நான் பாக்கவும் இல்லை, நீரு சொல்லவும் இல்லை. நாலடியோ பதினோரு அடியோ, அந்தத் தோட்டக்காரப் படிப்பை நம்பினது நம்ம தப்பு. அவன் ராஜிநாமா குடுத்துட்டான். வந்த பழி அவனோட போகட்டும். நீரு உம்ம சுவரைக் கட்டும்வே. பழைய படம் இருக்குல்லா?"

இசக்கிப்பாண்டி அத்தனை வருஷம் ஏங்கிய வார்த்தை அது. இப்போது வாய்க்குள் மண் போட்ட மாதிரி இருந்தது. "இருக்கு" என்றார்.

வல்லிநாயகம் பம்பாய்க்குப் புறப்படுகிற அன்று தென்காசி ஸ்டேஷனில் இசக்கிப்பாண்டி போய் நின்றார். வழியனுப்ப வேறு யாரும் வந்திருக்கவில்லை.

"அந்தப் படத்தைத் தாரும். மேடைப் படம்" என்றார் இசக்கிப்பாண்டி.

"எதுக்கு?"

"மேல, கோட்டுக்கு மேல அதையே கட்டணும். சுவரோட சேத்து."

"தரமாட்டேன்." வல்லிநாயகம் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார். "அது பள்ளத்துக்குப் போட்ட படம். மேட்டுல வெயில் வேற, காத்து வேற. அப்படியே தூக்கி வச்சா அங்கன ஒருத்தியும் நிக்க முடியாது. இதுகூடத் தெரியாமத்தான் படம் கேட்டு வந்திருக்கியா?"

வண்டி புறப்பட்டது. அவர் ஜன்னல் பக்கம் வரவில்லை.

இசக்கிப்பாண்டி சுவரை உடனே கட்டவில்லை. கல் வரவில்லை, கூலியாள் வரவில்லை என்று ஒரு வருஷம் சாக்குச் சொன்னார். அந்த ஒரு வருஷமும் தினம் காலையில் அருவிக்கரையில் நடந்தார். பார்த்தவர்கள் மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார்கள். மாடன் அவரைக் கண்டால் காறித் துப்பிவிட்டு எழுந்து போவான். கமிட்டியில் சொல்லி அவனுக்குப் பாலத்தடியில் காவல்வேலை வாங்கிக் கொடுத்தார். வேலையை வாங்கிக்கொண்டான். துப்புவதை நிறுத்தவில்லை.

1938 ஆனியில் சுவர் முடிந்தது. நேர்ச்சுவர்தான், தலைவர் கேட்ட மாதிரி. ஆனால் நடுவில் ஓரிடத்தில் அது முதுகு வளைந்து இரண்டு மருத மரங்களைச் சுற்றிக்கொண்டு போனது. அதற்குப் பின்னால் பதிமூன்றடி உயரத்தில் பெண்களுக்கு ஒரு மறைப்பு. பார்வைக்கு அழகில்லை, மாட்டுத்தொழுவம் மாதிரி இருந்தது. படம் போட்டவன் பேர் என்று கல்லில் எதுவும் இல்லை. கோடு ஏன் கோணியது என்று தலைவர் கத்தினார். கட்டியாகிவிட்டது என்றார் இசக்கிப்பாண்டி.

முதல் வாரமே கூட்டம் நிறைந்துவிட்டது. கடையத்திலிருந்தும் திருவேங்கடத்திலிருந்தும் வந்த பெண்கள் உள்ளே போய், உலர்ந்த சேலையோடு சிரித்துப் பேசிக்கொண்டு வெளியே வந்தார்கள். தெருப்பெண்கள் உலகம்மாளையும் கூப்பிட்டார்கள்.

"நீங்க போங்க" என்றாள் அவள். மாற்றுச்சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு, தென்காசி ஆற்றுப் பக்கம் நடந்தாள். இசக்கிப்பாண்டி வாசலில் நின்று அவள் தெருமுனை திரும்புகிற வரை பார்த்துக்கொண்டிருந்தார்.